கங்ளாமரேட்: கடலை உருண்டையை வைத்து ஒரு பாறையைக் கண்டுபிடிப்பது

"கங்ளாமரேட்னா பெரிய கம்பெனிதானேம்மா?" சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், மேற்கு முனையில் ஒரு பாறையைக் காட்டி நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் மகள் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. பல தொழில்களைத் திரட்டி வைத்திருக்கும் குழுமத்துக்கும், பல கற்களைத் திரட்டி வைத்திருக்கும் பாறைக்கும் பெயர் ஒன்றுதான். மூலம் லத்தீன், 'க்ளோமஸ்' என்றால் நூலுருண்டை. தமிழில் நான் அதைக் 'கூழாங்கல் திரள்' என்று சொல்லிக்கொள்வேன்.

முதலில், சரியான இடத்துக்குப் போங்கள். புக்கிட் தீமா மலையில் தேடிப் பயனில்லை. அது கிரானைட், உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகியது. நமக்கு வேண்டியது மணலும் கற்களும் படிந்து இறுகிய படிவுப் பாறை. அது சிங்கப்பூரின் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது: லேப்ரடார், ஃபேபர் மலை, செந்தோசா. செந்தோசாவின் தஞ்சோங் ரிமாவ் முனையின் பெயரையே அங்குள்ள பாறைத் தொகுதிக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். செங்குத்துப் பாறைக்கு அடியில் நிற்கவேண்டாம். சுத்தியல் வேண்டாம், கல்லை எடுத்துவரவும் வேண்டாம். கண்ணும் ஓர் அடிக்கோலும் போதும்.

அடுத்து, பாறையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தேக்காச் சந்தையில் வாங்கும் கடலை உருண்டையை நினைத்துக்கொண்டால் எளிது. கடலைதான் கற்கள். இடையில் அடைந்திருக்கும் தூள், மணலும் சேறும். எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் வெல்லப்பாகுதான், நிலத்தடி நீரிலிருந்து படிந்து இறுகிய சிலிக்கா, சுண்ணம், இரும்பு போன்ற கனிமங்கள். இந்தப் பாகு இல்லையென்றால் அது பாறையில்லை, வெறும் சரளைக்குவியல்.

இனி அளவு. கற்கள் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்த மணல்மணிகள் மட்டும் இருந்தால் மணற்பாறை.

கடைசியாகப் பார்க்கவேண்டியது முனை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், அவசரப்படாமல் பாருங்கள். கற்களின் முனை மழுங்கி உருண்டிருந்தால் கங்ளாமரேட். கூராக, உடைத்துப் போட்டதுபோல் இருந்தால் அதன் பெயர் பிரெச்சியா. ஒரு கல் உருளவேண்டுமானால் ஆற்றிலோ அலையிலோ நெடுநேரம் மோதித் தேய்ந்திருக்கவேண்டும். கூராக இருப்பது பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராத கல். செந்தோசாவின் கற்களில் பெரும்பாலானவை வெள்ளையான குவார்ட்ஸ், நம் ஊர்ப்பக்கம் வெங்கச்சாங்கல் என்பார்களே, அதுதான். மென்மையான கற்கள் வழியிலேயே பொடியாகிவிட, கடினமான இதுதான் மிஞ்சியது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஆறுகளின் வேலை இது.

ஒரே ஒரு எச்சரிக்கை: கடலோரத்தில் பழைய கான்கிரீட் துண்டுகளும் கிடக்கும், பார்வைக்கு ஏமாற்றும். கான்கிரீட்டில் போடுவது பெரும்பாலும் உடைத்த ஜல்லி, ஆகவே முனை கூராக இருக்கும்; இடையில் சாம்பல்நிற சிமெண்ட் தெரியும்.

சொல்லைப் பயன்படுத்தும்போது எந்தக் கல் என்பதை முன்னால் சேர்த்துச் சொல்வது வழக்கம்: 'குவார்ட்ஸ் கங்ளாமரேட்'. மகள் தன் நோட்டில் இப்படி எழுதினாள்: "வெள்ளைக் கல், பெரியது 3 செ.மீ., முனை உருண்டை, நடுவில் மணல். குவார்ட்ஸ் கங்ளாமரேட். அதற்கு மேல் அடுக்கில் கல்லே இல்லை, மணற்பாறை. ஆறு அப்போது மெதுவாக ஓடியதா?"