கதவு மாடலா? பிவட்டை ப்ளெண்டரிலேயே கீலுக்கு நகர்த்துங்கள்

பிவட் என்றால் மாடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அது; 3டி மாடல் செய்யும் மென்பொருளான ப்ளெண்டரில் அதன் பெயர் ஆரிஜின். எடிட் மோடில் கீல் பக்க விளிம்பைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்+எஸ் அழுத்தி 'கர்சர் டு செலக்டட்' கொடுங்கள். அப்புறம் ஆப்ஜெக்ட் மோடுக்கு வந்து, செட் ஆரிஜின் மெனுவில் 'ஆரிஜின் டு 3டி கர்சர்'. அவ்வளவுதான், எஃப்பிஎக்ஸ் (3டி மாடல் கோப்பு வடிவம்) ஆக ஏற்றுமதி செய்யலாம்.

ப்ளெண்டரில் ஆரிஜின் எங்கே இருக்கிறதோ, அதையே கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி பிவட்டாக எடுத்துக்கொள்ளும். சுழற்சியும் அதைச் சுற்றித்தான். நடுவில் விட்டுவிட்டால் கதவு பம்பரம்போலச் சுற்றும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு கதவுக்கும் கீல் இடத்தில் ஒரு காலி பேரண்ட் (தாய்) ஆப்ஜெக்ட் வைக்க வேண்டிவரும், வீண் வேலை.

இன்னொரு கேம் மென்பொருளான அன்ரியலுக்கு இது மட்டும் போதாது. அங்கே வழக்கமாக ஃபைலின் 0,0,0 புள்ளிதான் பிவட் ஆகும். கதவையே அங்கே நகர்த்திவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். எலும்பு வைத்து அசைக்கும் மாடல்களுக்கு பிவட்டை இப்படி மாற்றத் தேவையில்லை. கேம் காட்சியில் (சீன்) ஏற்கெனவே வைத்த கதவுகள் இருந்தால் கவனம்: பிவட் மாறியதும் அவை இடம் நகர்ந்துவிடும்.