விரலில் சின்ன வெட்டா? வீட்டிலேயே ஒட்டி மூடும் முறை

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் ஃபெவிக்விக் தடவி ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. "ஆஸ்பத்திரியிலும் பசைதானே போடுகிறார்கள்" என்பார்கள். இரண்டும் சயனோஅக்ரிலேட் என்ற வேகமாக இறுகும் பசைக் குடும்பம்தான், ஆனால் ஒரே பொருள் இல்லை. கடையில் விற்கும் பசை பெரும்பாலும் எத்தில் வகை. அது உடலில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை வெளியிடும். புண்ணுக்குள் போனால் திசுவை எரிச்சலூட்டும். இறுகும்போது சூடாகும். கிருமிநீக்கம் செய்யப்பட்டதும் அல்ல. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆக்டைல், பியூட்டைல் வகைகள் மெதுவாகச் சிதையும். ஆக்டைல் பசைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-ல்.

எனவே வீட்டில் ஒட்டுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் அரை அங்குல மைக்ரோபோர் பேப்பர் டேப்பைப் பயன்படுத்துங்கள். சின்ன வெட்டுக்கு அது போதும்.

முதலில் இது வீட்டில் பார்க்கக்கூடிய காயமா என்று பாருங்கள். நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள், ஆழமில்லை, ஓரங்கள் தானாகச் சேர்கின்றன என்றால் சரி. உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ, விரல் மடங்கவில்லை அல்லது மரத்துப்போனது என்றாலோ, முகத்திலோ மூட்டின் மேலோ வெட்டு என்றாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். ஆணி குத்திய காயத்தை மூடக்கூடாது. நாய், பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, ஒட்டாமல், கட்டாமல் ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.

படி 1: கழுவுதல். குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது காயத்தைக் காட்டுங்கள். சுற்றிலும் சோப்பு, உள்ளே வெறும் தண்ணீர். பலரும் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் வேலை இது. பிறகு சீழ் வைப்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான். உள்ளே மண்ணையோ துணி நூலையோ விட்டு மூடினால் கிருமியையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். காப்பித்தூள், மஞ்சள்தூள் போட்டிருந்தால் முழுக்கக் கழுவி எடுங்கள். தூள் நடுவில் நின்றால் ஓரங்கள் சேராது. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் நல்ல திசுவும் வெந்துபோகும்.

படி 2: அழுத்துதல். சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே திறந்து பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வழிந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 3: ஒட்டுதல். சுற்றியுள்ள தோலை நன்றாக உலர்த்துங்கள். களிம்பு தடவினால் டேப் நிற்காது. டேப்பை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழியுங்கள். முதல் துண்டு வெட்டின் நடுவில், குறுக்காக. அந்தத் துண்டின் ஒரு முனையை ஒரு பக்கம் ஒட்டுங்கள். இன்னொரு கையால் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஒட்டுங்கள். ஓரம் உள்ளே மடிந்திருந்தால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், மடிந்த தோல் சேராது. அடுத்த துண்டுகளை இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள், ஈரம் வெளியேற அந்த வழி வேண்டும். விரலை முழுதாகச் சுற்றிவிடாதீர்கள். வீங்கும்போது இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

ஒரு நாள் நனையாமல் வைத்து, ஐந்தாம் நாள் வாக்கில் எடுக்கலாம். இரு முனையிலிருந்தும் காயத்தை நோக்கி உரியுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் சேர்ந்த தோல் திறந்துகொள்ளும். அதற்குள் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அழுக்கான வெட்டு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்றால் மறுபடி போட வேண்டும்; சுத்தமான சிறு வெட்டுக்கு பத்து வருடம் கணக்கு.

ஏற்கெனவே கடைப் பசையைத் தடவிவிட்டீர்களா? பிய்க்காதீர்கள், தோலோடு வரும். பஞ்சால் துடைக்கவும் வேண்டாம்: பசை பஞ்சில் பட்டால் தீப்புண் வரும் அளவுக்குச் சூடாகும். புண்ணுக்குள் போயிருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பசையைக் கரைக்கும், ஆனால் திறந்த புண்ணிலும் கண்ணருகிலும் அது கூடவே கூடாது. கண்ணில் பட்டிருந்தால் இமையை இழுக்காமல், தண்ணீரில் அலசிக்கொண்டே கண் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.