எக்கோ பெட்டியை மிக்ஸரில் மாட்டுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் மைக் செட் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு சேர்ந்து அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று தெருவுக்குத் தெரு மேடை. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் தங்கள் முதல் எஃபெக்ட்ஸ் பெட்டியை, அதாவது குரலுக்கும் வாத்தியத்துக்கும் எதிரொலி சேர்க்கும் எக்கோ பெட்டியை, வாங்கி மாட்டுவதும் அப்போதுதான். பின் லூஸாக இருப்பது, வால்யூம் திறக்காமல் விடுவது எல்லாம் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின் நுழைகிறதே என்று அடாப்டரைச் செருகுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். போன ஆடியில் குகைப் பக்கம் ஒரு மெல்லிசைக் கச்சேரி. செட்டில் இரண்டு பெட்டிகள்: பாட்டுக்கு, பெரிய மண்டபத்தில் பாடுவது போல முழக்கம் சேர்க்கும் ஒரு பழைய ரிவெர்ப்; கிடாருக்கு, வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் ஒரு டிலே பெடல். முந்தின இரவு மூட்டை கட்டிய அவசரத்தில் அடாப்டர் இரண்டும் இடம் மாறிவிட்டன. ரெண்டிலும் 9 வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது, ரெண்டு பின்னும் ரெண்டு ஓட்டையிலும் கச்சிதமாக நுழைந்தன. சுவிட்சைப் போட்டதும் ரிவெர்ப் கம்மென்று இருந்தது. பெடலிலிருந்து மீன் கருகியது போல ஒரு வாடை. "ரெண்டும் ஒன்பதுதானே அண்ணா?" என்றான் பையன்.

ஒன்பதுதான். ஒன்று ஏசி, இன்னொன்று டிசி. லெக்ஸிகான் எம்பிஎக்ஸ் 110, அலெசிஸ் நானோவெர்ப் போன்ற பெட்டிகள் 9 வோல்ட் ஏசி கேட்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் வோல்டேஜ் வேண்டும், அதை ஏசியிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளும். டிசி கொடுத்தால் ஒரு பக்கம்தான் கிடைக்கும். வேலை செய்யாது, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அன்றும் ரிவெர்ப் பிழைத்தது. கிடார் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, அதுவும் நடுவில் மைனஸ். அதற்கு ஏசி கொடுத்தால் கதை முடிந்தது. திறந்து பார்த்தபோது காவலுக்கு இருந்த டையோடு கருகி, கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. சர்வீஸ்காரர் ஐசி கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

அடாப்டரின் முதுகில் அவுட்புட் என்ற வரியைப் பாருங்கள். அலைபோல் நெளிந்த கோடு ஏசி. நேர்க்கோட்டின் கீழே துண்டுக் கோடுகள் இருந்தால் டிசி. டிசியானால் பக்கத்தில் வட்டப் படம் இருக்கும், நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்று அதில் தெரியும். வீட்டு ரவுட்டர் அடாப்டரை எடுத்து மாட்டும் ஆட்களும் உண்டு. அதில் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். மில்லி ஆம்ப் பெட்டி கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மட்டும் அப்படியே பொருந்த வேண்டும்.

மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஏசி அடாப்டரைப் பார்த்துவிட்டு, பூஜ்ஜியம் காட்டுகிறது, செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். ஏசியில் வைத்துப் பாருங்கள். லோடு இல்லாதபோது 11, 12 கூடக் காட்டும், அது கோளாறு இல்லை.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டியா? அடாப்டரில் இன்புட் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் செருகவே கூடாது. அதே வகையில் இங்கத்திய அடாப்டர் வாங்குங்கள்.

எந்தப் பெட்டிக்கு எது என்று அடாப்டரிலும் பெட்டியிலும் ஒரே நிற டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

திரும்பும் சேனலில் அதே ஆக்ஸைத் திறப்பது

ஆக்ஸ் சென்ட் என்பது சேனல்களின் சத்தத்தில் ஒரு பங்கை மிக்ஸரிலிருந்து வெளியே அனுப்பும் வழி. அதிலிருந்து பெட்டியின் இன்புட்டுக்கு, பெட்டியின் அவுட்புட்டிலிருந்து ஒரு லைன் சேனலுக்கு. சரி, இதுவரை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். அந்தத் திரும்பும் சேனலில் அதே ஆக்ஸ் குமிழைத் திறந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். பையன்கள் மைக்கை முறைப்பார்கள். குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் மிக்ஸ் முழுக்க எஃபெக்ட் பக்கம், அதாவது 100-இல். நேரடிக் குரல்தான் ஏற்கெனவே மிக்ஸரில் ஓடுகிறதே. ஆக்ஸ், ஃபேடருக்கு (சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ்) பிறகு எடுப்பதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடகியின் ஃபேடரை இறக்கிய பிறகும் எக்கோ மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

மைக் சாக்கெட்டில் திருப்பி விடுவது

பெட்டியின் அவுட்புட்டை அங்கே கொடுக்க வேண்டாம். சில மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் அங்கே இருக்கலாம்.

ஆம்ப்பை முதலில் போடுவது

கடைசியில் போடு, முதலில் அணை.

மலையில் கரண்டை நம்புவது

ஏற்காட்டில் எஸ்டேட் கல்யாணம் என்றால், அதுவும் மே மாத இடிமழையில், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகி, சிலது முதல் நம்பர் புரோகிராமுக்கே, அதாவது பெட்டியில் முதலில் பதிந்திருக்கும் எஃபெக்டுக்கே, போய்விடும். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் மந்திரம் மலைக்குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். மிக்ஸருக்கும் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். ஆம்ப்பை அதில் சேர்க்காதீர்கள்.

மிக்ஸர், பெட்டி இரண்டையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்தால் ஹம் என்ற இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் எர்த் பின்னைப் பிடுங்குகிறார்கள். பனியில் நனைந்த மேடையில், கையில் மைக்கோடு நிற்பவர் உயிரோடு விளையாடும் வேலை அது. வாத்தியத்துக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள்.