வேர்வை போகும் வழி பார்த்து உடுத்துவது எப்படி

நில அளவை என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக முக்காலியை ஊன்றி, கருவியைப் பூட்டி, வெட்டவெளியில் நிற்கிறேன். ஒரு வேலை கடலோரம், அடுத்தது மழையே பார்க்காத பொட்டல், அதற்கடுத்தது பனி விழும் மலை. கையில் துணிப்பை ஒன்றுதான். அதற்குள் எதை வைப்பது, எதை விட்டுப் போவது என்பதில் நான் பண்ணாத தப்பு பாக்கி இல்லை.

முதல் மலை வேலைக்குத் தடிமனான பருத்தி பனியனும் அதன்மேல் பருத்தி ஸ்வெட்ஷர்ட்டும் போட்டுக்கொண்டு கருவிப் பெட்டியைச் சுமந்து ஏறினேன். ஏறும்வரை கதகதப்பாகத்தான் இருந்தது. முதுகு முழுக்க வேர்வை. மேலே போய் நின்று அளக்க ஆரம்பித்த கால்மணி நேரத்தில் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. பென்சிலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கூட வந்த பெரியவர் என் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பார்த்தார். "தம்பி, இது உன் வேர்வையோட குளிரு. முதல்ல இதைக் கழட்டு" என்று தன் பையிலிருந்த கம்பளி பனியனை நீட்டினார்.

அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: அங்கே என் வேர்வை எங்கே போகும்? பதில் தெரிந்தால் சட்டையும் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குவது, எப்போது துவைப்பது என்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தோலின் மேல் ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுகிற வேர்வையால் அந்தப் பலன் கிடையாது, சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

பனிநிலையைப் பாருங்கள்

செல்போனில் வானிலை பார்க்கிறவர்கள் டிகிரியைப் பார்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் ஈரப்பத சதவீதத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சதவீதம் ஆளை ஏமாற்றும். காலையில் 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று இருக்கும். பிற்பகலில் 34 டிகிரி, 40 சதவீதம் என்று காட்டும். காற்று காய்ந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் இரண்டு வேளையும் காற்றில் இருக்கிற நீராவி ஏறக்குறைய ஒன்றேதான். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் சதவீதம் இறங்கிக் காட்டுகிறது.

அதனால் நான் பார்ப்பது பனிநிலை. செயலிகளில் 'டியூ பாயிண்ட்' என்று போட்டிருப்பார்கள். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியுமோ, அதுதான் பனிநிலை. மேலே சொன்ன காலையிலும் பிற்பகலிலும் அது 18 டிகிரி சொச்சம். 16-க்குக் கீழே இருந்தால் வேர்வை தானாகக் காயும், நமக்குத் தெரியவே தெரியாது. 20-ஐத் தாண்டினால் கசகசப்பு. 24-க்கு மேல் போனால் எந்தச் சட்டை போட்டாலும் ஒட்டும், வேலையைக் குறைப்பதுதான் வழி.

செயலி இல்லாத இடத்தில் நானே அளந்திருக்கிறேன். எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு வெப்பமானியைப் போட்டு, ஐஸ்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். டம்ளரின் வெளிப்பக்கம் முதன்முதலாக மங்குகிறபோது வெப்பமானி காட்டுகிற எண் பனிநிலை. மூச்சுக்காற்று டம்ளர் மேல் படக் கூடாது.

புழுக்கத்தில்

பனிநிலை ஏறிக் கிடக்கும் ஊரில் வேர்வைக்குப் போக இடம் இல்லை. காற்று ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. எனவே துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், அதற்குத் துணியின் ரகத்தைவிடத் தையல்தான் முக்கியம் என்பது என் தீர்மானம். ஒரு சுற்று பெரிய சட்டை, திறந்த கழுத்து, அகலமான கை. உள்ளே சூடான காற்று கழுத்து வழியே மேலே ஏறிப் போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். நடக்கும்போது சட்டை படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அடையாளம். உடம்பைப் பிடிக்கிற விலையுயர்ந்த விளையாட்டு பனியனைவிடத் தொளதொள பருத்திச் சட்டை இங்கே நன்றாக உழைக்கும்.

துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: வாயருகே இழுத்துப் பிடித்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வைத்த கையில் படவில்லையென்றால் அதை இங்கே கொண்டுவராதீர்கள். லினன் தாராளமாக விடும், சீக்கிரம் காயும். கசங்குவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அளவை வேலைக்கு வருவதில்லை.

ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை எடுத்துப் போய்த் துவைத்துப் போட்டேன், மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருந்து நாற்றமெடுத்தது. உள்ளாடைக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் நாளைக்கு இரண்டு. மதியம் மாற்றுகிற அந்த ஒரு மாற்றில் தொடை உரசலும் வேர்க்குருவும் பாதியாகக் குறைந்தன.

இந்த ஊர்களில் உடுப்பைவிடப் பெரிய வேலை உடுப்பைக் காயவைப்பது. ஒரே அளவில் பருத்தி டி-ஷர்ட் ஒன்று, பாலியெஸ்டர் ஒன்று எடுத்து நனைத்து, முறுக்கிப் பிழிந்து, தராசில் வைத்துப் பார்த்தேன். பருத்தி தன் எடையளவு தண்ணீரை இன்னமும் பிடித்துக்கொண்டிருந்தது. மின்விசிறிக்குக் கீழே பாலியெஸ்டர் மூன்று மணி நேரத்தில் காய்ந்தது, பருத்தியின் தையல் மடிப்பு மறுநாள் காலையும் சில்லென்று இருந்தது. நீங்களும் செய்து பாருங்கள், எத்தனை ஜோடி வேண்டும் என்ற கணக்கு அங்கேயே கிடைத்துவிடும். கொடியில் துணிகளுக்கு நடுவே ஒரு கை இடைவெளி விடுங்கள், சட்டையை ஹாங்கரில் மாட்டிப் பொத்தான்களைத் திறந்துவிடுங்கள். காய்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் காயவில்லை என்றே அர்த்தம். அதை மடித்து அலமாரியில் வைத்தால் பக்கத்துச் சட்டையும் பூசணம் பிடிக்கும்.

ஏசி அறைக்குள் நுழையும்போது மட்டும் இந்த ஊரில் குளிர் தாக்கும். நனைந்த சட்டையோடு வறண்ட குளிர்காற்றில் உட்கார்ந்தால் வெளியே ஆவியாகாத வேர்வையெல்லாம் உள்ளே ஒரேயடியாக ஆவியாகிவிடும். கூட்டம் இருக்கிற நாளில் மாற்று பனியனைப் பையில் வைத்திருப்பேன்.

வறண்ட வெயிலில்

இங்கே எல்லாம் தலைகீழ். வேர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துபோகும். சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். தாகத்துக்குக் காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் குடிப்பது இங்கேதான்.

புதிதாக வருகிறவர்கள் வெயில் என்றதும் கையில்லாத பனியனோடு நிற்பார்கள். தோலின் வெப்பநிலை சுமார் 33 முதல் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால் காற்றே நம்மைச் சுடும், மேலே வெயிலும் சேரும். எனவே முழுக்கை, முழுக்கால்சட்டை, கழுத்தை மூடுகிற துணி, அகலத் தொப்பி. மூடிக்கொள்வதுதான் குளிர்ச்சி. மிக உஷ்ணமான காற்றை மின்விசிறி வீசினாலும் உதவாது. 40 டிகிரிக்கு மேல் விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். பாலைவனத்தில் பெடோயின் மக்கள் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று 1980-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்புத் துணி வெயிலை அதிகமாக வாங்குகிறது, ஆனால் அங்கி தொளதொளப்பாக இருப்பதால் அந்தக் கூடுதல் சூடு தோலை எட்டுவதற்குள் காற்றோடு போய்விடுகிறது. தோலுக்கு வந்து சேர்வது வெள்ளை அங்கியிலும் கறுப்பு அங்கியிலும் ஒன்றுதான் என்பது முடிவு. உடம்போடு ஒட்டும் கறுப்பு டி-ஷர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. புறஊதாக் கதிரைத் தடுக்க நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊடே தெரிந்தால் தோலும் கருகும்.

கழுத்தில் ஈரத்துண்டு, ஏர் கூலர் இரண்டும் வறண்ட ஊரில் அமிர்தம், புழுக்கத்தில் தொல்லை. காரணம் மறுபடியும் அதே ஆவியாதல். இன்னொன்று: வானில் ஈரமும் மேகமும் இல்லாததால் பகல் சூடு இரவில் தங்காது. பகலில் வெந்த அதே இடத்தில் விடியற்காலை நடுங்கியிருக்கிறேன். ஒரு ஜாக்கெட் கட்டாயம்.

குளிரில்

குளிரில் வேர்வையை வரவே விடக் கூடாது. ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே சுகமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் நனைந்துவிடுவீர்கள். நின்று ஒரு அடுக்கைக் கழற்றச் சோம்பல்படாதீர்கள். நான் பட்ட சோம்பலின் கதையைத்தான் மேலே சொன்னேன்.

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும் ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற துணி, வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். நம்மைக் காப்பது துணிக்குள் அசையாமல் நிற்கிற காற்றுதான், தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்தால் வெப்பத்தை அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்திவிடும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீராவியை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. பருத்திக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இறகு ஜாக்கெட் அற்புதமானது, நனையாதவரை.

காற்றின் வேகத்தை விட்டுவிடாதீர்கள். அண்டார்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இரு ஆய்வாளர்கள் பாட்டிலில் இருந்த நீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து, 1945-இல் வெளியிட்ட வேலையிலிருந்துதான் காற்று அடித்தால் எவ்வளவு கூடுதலாகக் குளிரும் என்ற காற்றுக்குளிர் கணக்கு தொடங்கியது. 2001-இல் திருத்திய சூத்திரப்படி 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது 0 டிகிரி மாதிரி. உயரத்தையும் சேருங்கள்: ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் பார்த்த எண்ணை நம்பி ஏறாதீர்கள்.

காலில் குளிருகிறதே என்று ஒருமுறை வழக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தேன். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போயின. இரண்டு ஜோடி வேண்டுமென்றால் பூட்ஸும் ஒரு அளவு பெரிதாக வேண்டும்.

மழையில்

குளிர்ந்த மழையும் வெதுவெதுப்பான மழையும் ஒன்றல்ல. முதலாவதில் நனையாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை, நல்ல மழைக்கோட்டு வேண்டும். இரண்டாவதில் மழைக்கோட்டுக்குள் வேர்வையிலேயே தொப்பலாக நனைவோம். ஆவியை வெளியேவிடும் துணி என்று விற்கிறார்களே, அது வேலை செய்ய வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட வறண்டிருக்க வேண்டும்; புழுக்க மழையில் அது சாதாரண பிளாஸ்டிக் மாதிரிதான். காற்றடிக்காவிட்டால் குடை, அரைக்கால்சட்டை, பட்டை செருப்பு. ஈரமான ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.

முதல் இரண்டு வாரம்

எந்த உடுப்பாலும் செய்ய முடியாத ஒன்றை உடம்பு தானே செய்துகொள்ளும். வெயில் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். புதிய ஆளை முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் நிறுத்தி, தினமும் இன்னொரு பங்கு கூட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். தன்னால் முடியும் என்று வீம்பு பிடிக்கிற இளசுகளைத்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு. வெப்பநிலை, பனிநிலை, காற்று, என்ன போட்டேன், எது படுத்தியது. நாளுக்கு ஒரே வரி. அடுத்தமுறை அதே மாதிரி ஊருக்குப் போகும்போது பையை அந்த நோட்டுதான் கட்டுகிறது. போன வாரத்து வரி: "காலை 9 மணி, 24 டிகிரி, பனிநிலை 22, காற்று இல்லை. தொளதொள சட்டை சரி. காலுறை தப்பு, தடிமன் அதிகம். மாற்று எடுத்து வரவில்லை."