ஊராட்சித் தலைவர் மீது புகார் வந்தால்: விசாரணையை எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

கடலூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 683 கிராம ஊராட்சிகள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இறங்கி, ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு விசாரணை அலுவலரான உங்கள் மேசைக்கு வருகிறது. ‘தலைவர் பல லட்சம் கையாடல் செய்துள்ளார், தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று ஒன்றரைப் பக்கம். தேதி இல்லை, பணியின் பெயர் இல்லை, தொகை இல்லை. இந்த மனுவை அப்படியே குற்றச்சாட்டாக மாற்றி நோட்டீஸ் கொடுத்தால், புகார் முழுக்க உண்மையாக இருந்தாலும் உயர் நீதிமன்றத்தில் நிற்காது. அதனால் முதல் வேலை, மனுவை உடைப்பது.

மனுதாரரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தத் தெரு, எந்த வருடம், எந்த வேலை, யார் ஒப்பந்தக்காரர், இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு மனுவில் எட்டுக் குற்றச்சாட்டு இருந்தால், ஆவணத்தை வைத்துச் சரிபார்க்கக் கூடியவை மூன்றோ நான்கோதான் தேறும். அவற்றை மட்டும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். மொட்டைக் கடிதமாக இருந்தாலும், அதில் ரசீது எண்ணோ பணியின் பெயரோ இருந்தால் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். எல்லைப் பகுதி என்றால் இன்னொன்றும் பாருங்கள்: சாலையின் இந்தப் பக்கம் நம் ஊராட்சி, அந்தப் பக்கம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்று இருக்கும் இடங்களில் மனு தப்பான அலுவலகத்துக்கு வந்திருக்கலாம். அங்கே சட்டமே வேறு. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட புதுச்சேரி உள்ளாட்சிகளின் காலம் 2011-இல் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் அங்கே அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். கடலூர் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள் மீதான புகாரும் இந்த வழியில் வராது. அவற்றை விசாரிக்க உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்ற தனி அமைப்பு இருக்கிறது.

அடுத்து பதவிக்காலம். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். 2019 டிசம்பர் தேர்தலில் வந்த தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன் பின் தனி அலுவலர்கள் வந்தார்கள். பதவியில் இல்லாதவரைப் பதவி நீக்கம் செய்ய முடியாது. அந்தக் காலத்துச் செலவு பற்றிய புகார் என்றால், தலைவரை நீக்கும் 205-ஆவது பிரிவை விட்டுவிட்டு, இழப்பைக் கணக்கிட்டு அவரிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வை, குற்ற வழக்கு என்ற இரண்டு வழியில்தான் போக வேண்டும். குற்ற வழக்கிலும் தேதி முக்கியம்: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கையாடல் இந்திய தண்டனைச் சட்டம் 409-இல் வரும், அதற்குப் பின் நடந்தது பாரதிய நியாய சன்ஹிதா 316(5)-இல் வரும்.

லஞ்சம் கேட்கிறார் என்று புகார் வந்தால் நீங்கள் விசாரிக்கவே வேண்டாம். தலைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாலே பொறி வைக்கும் வாய்ப்பு போய்விடும். மனுதாரரை நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்புங்கள். பினாப்தலீன் தடவிய நோட்டை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும். நூறு வாக்குமூலத்தைவிட அது வலுவான சாட்சி. ஏற்கெனவே கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டவர் என்றால் 7 நாளுக்குள் தகவல் சொன்னால் சட்டம் அவரைக் காக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பதிவேடுகளை முதல் நாளே எடுங்கள்

விசாரணைக்கு வருவதாக முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், அந்த ஒரு வாரத்தில் பதிவேடு சீராகிவிடும். கடிதமும் நீங்களும் ஒரே நாளில் போங்கள். தீர்மானப் புத்தகம், அஜெண்டாவை உறுப்பினர்களுக்குச் சார்வு செய்த (கொடுத்துக் கையெழுத்து வாங்கிய) பதிவேடு, ரொக்கப் பதிவேடு, செலவுச் சீட்டுக் கோப்பு, இருப்புப் பதிவேடு, வீட்டு வரி ரசீதுப் புத்தகங்கள், மூன்று கணக்குகளின் வங்கி அறிக்கை, முடிந்த வேலையின் அளவுகளைப் பதிந்து ஒன்றியப் பொறியாளர் வைத்திருக்கும் அளவுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்து, பக்க எண் போட்டு, கடைசி எழுத்துக்குக் கீழே கோடு இழுத்துக் கையெழுத்திடுங்கள். எடுத்ததற்கு ஊராட்சிச் செயலரிடம் பட்டியல் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ஊராட்சிக் கணக்குகள் பதிவாகும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கும் செலவுச் சீட்டுகளை அன்றே அச்செடுத்து வையுங்கள். தளத்தில் ஒரு தொகை, கோப்பில் வேறு தொகை என்றால் பாதி வேலை முடிந்தது.

தீர்மானப் புத்தகத்தை நிதானமாகப் படியுங்கள். தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் இடையில் எழுத்து திடீரென்று நெருக்கமாகிறதா, மை மாறுகிறதா, கூட்டத் தேதிக்குப் பின் வந்த விலைப்புள்ளி கூட்டத்திலேயே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வார்டு உறுப்பினர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். “அம்மா, இந்தக் கையெழுத்து உங்களுதுதானா?” என்றால், “ஆமாங்க சார், கையெழுத்து என்னுது. போடும்போது மேல ஒண்ணும் எழுதலைங்க” என்று பதில் வரும். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். ‘தீர்மானம் தமக்குத் தெரியாது எனத் தெரிவித்தார்’ என்று அலுவலகத் தமிழில் மாற்றினால் பொருளே மாறிவிடும்: கையெழுத்தை ஒப்புக்கொண்டதும் போய்விடும், வெற்றுத்தாள் என்றதும் போய்விடும்.

அளந்து பாருங்கள்

சிமெண்ட் சாலைப் புகாருக்கு டேப்பும் கடப்பாரையும் வேண்டும்; ஒன்றியப் பொறியாளர் உடன் வர வேண்டும். அந்தப் பணியை அளந்து பதிந்தவரே வரக் கூடாது, வேறு ஒன்றியத்துப் பொறியாளரைக் கேட்டு வாங்குங்கள். அளவுப் புத்தகத்தில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்று இருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. ஓரத்தை மட்டும் தோண்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்; ஓரத்தில் கனமாகப் போட்டு நடுவில் மெலிப்பது பழக்கமான வேலை. இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக, 20 மீட்டருக்கு ஒரு வரிசை எடுத்துச் சராசரி காணுங்கள். சராசரி 0.10 என்றால் இருப்பது 30 கன மீட்டர், குறைவது 15. ஒரு கன மீட்டர் விலையால் பெருக்கினால் இழப்புத் தொகை கிடைக்கும். ஒவ்வோர் அளவும் எடுக்கும்போது தலைவரும் மனுதாரரும் பக்கத்தில் நின்று கையெழுத்திட வேண்டும். வர மறுத்தால், அழைத்த விவரத்தையும் மறுத்ததையும் மகஜரில் (அங்கேயே எழுதும் ஆய்வுக் குறிப்பில்) எழுதுங்கள். கடலோர மணல் ஊர்களில் சாலை அமுங்கி விரிசல் விடுவதுண்டு. அந்த விரிசலை மட்டும் காட்டி மோசடி என்று எழுதிவிடக் கூடாது. கனம் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

சாலையைவிட அதிகம் கசிவது சில்லறைச் செலவில்: பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மோட்டார் பழுது. இங்கே கணக்குப் போட்டால் போதும். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒருமுறை நிறைய 120 கிராம், நாளுக்கு இரண்டு முறை என்றால் 240 கிராம், மாதத்துக்கு 7.2 கிலோ. 25 கிலோ மூட்டை ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் வரும். மாதம் பத்து மூட்டைக்கு ரசீது இருந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம். ஆனால் வாய்க்கால், சாக்கடைக்குத் தூவியதையும், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் போன்ற வெள்ள நேரத்துச் செலவையும் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். வெள்ளத்தில் இரவு பகலாக நின்ற தலைவரைத் தீர்மானம் இல்லாமல் மணல் மூட்டை வாங்கினார் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆக்குவது அநியாயம். பின்னர் வந்த முதல் கூட்டத்தில் வைத்தாரா என்று பாருங்கள்.

மோட்டார் எரிந்துபோய் காயில் கட்டியதாக ரசீது இருந்தால், அந்தக் காலத்து மின் பயன்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் பல நாள் கழற்றிக் கிடந்ததாகக் கோப்பு சொல்லும்போது யூனிட் குறையவே இல்லை என்றால் அது கேள்விக்குரியது. டேங்க் ஆபரேட்டருக்கு எந்த மாதம் எந்த மோட்டார் நின்றது என்று துல்லியமாகத் தெரியும். அவரைத் தலைவர் முன்னிலையில் முதலில் கேட்காதீர்கள். அவருடைய பிழைப்பு அந்த ஊரில்தான்.

யார் செய்தது

தலைவர், துணைத் தலைவர் இருவரும் சேர்ந்துதான் ஊராட்சிப் பணத்தை விடுவிக்க முடியும். அப்படியிருக்க, தலைவரை மட்டும் குற்றம் சாட்டும் அறிக்கைகள் அதிகம். மின்னணுக் கையொப்ப டோக்கன் யார் கையில் இருந்தது, ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது என்று கட்டாயம் கேளுங்கள். பெண் தலைவர் என்றால் அவரிடமே பேசுங்கள், கணவரையோ மகனையோ வெளியே உட்கார வைத்துவிட்டு. நோட்டீஸும் அவர் கையில்தான் சேர வேண்டும்.

பட்டியலின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி என்றால், புகாருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விசாரிக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 2020 அக்டோபரில் இதே மாவட்டத்தில் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது. துணைத் தலைவர் மீது வன்கொடுமை வழக்கு, செயலர் பணியிடை நீக்கம் என்று போனது. ‘தலைவர் கூட்டம் கூட்டுவதில்லை’ என்று மனு வந்தால், கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வர மறுத்தார்களா, பதிவேட்டை அவரிடம் கொடுக்கவில்லையா என்று முதலில் கேளுங்கள். பட்டியலினத் தலைவரின் பணியைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எம்) பிரிவில் தனிக் குற்றம். அது தெரிய வந்தால் அறிக்கையில் எழுதிக் காவல் துறைக்கும் அனுப்ப வேண்டும்.

205: வரிசை மாறினால் எல்லாம் போச்சு

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் தலைவரை நீக்குவதற்கான பிரிவு 205. துணைத் தலைவருக்கு 206. ஆட்சியர் தானாக எடுக்கலாம். அல்லது அனுமதிக்கப்பட்ட மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்ட மனுவை இரண்டு உறுப்பினர்கள் நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பியது இந்தக் கணக்கில் வராது.

நோட்டீஸில், தலைவர் ‘வேண்டுமென்றே’ செய்தார் என்பதை நிரூபிக்கும் விவரம் இருக்க வேண்டும். ‘நிதி முறைகேடு செய்துள்ளீர்’ என்று எழுதாதீர்கள். ‘இன்ன தேதி, இன்ன செலவுச் சீட்டு எண், இன்ன தெருச் சாலைக்கு 45 கன மீட்டருக்குப் பணம் விடுவித்துள்ளீர், இன்ன நாள் அளவீட்டில் 30 கன மீட்டரே உள்ளது’ என்று எழுதுங்கள். நீங்கள் நம்பும் ஒவ்வோர் ஆவணத்தின் நகலையும் கூடவே கொடுத்து, ஒப்புதல் பெற்று, பதிலுக்கு 15 நாளாவது கொடுங்கள். கொடுக்காத ஆவணத்தை இறுதி ஆணையில் மேற்கோள் காட்டினால் அந்த ஒன்றுக்காகவே ஆணை ரத்தாகும்.

விளக்கம் திருப்தி என்றால் அத்தோடு முடிக்கலாம். இல்லையென்றால் நோட்டீஸ், விளக்கம், நீக்கும் உத்தேசம் மூன்றும் வட்டாட்சியருக்குப் போகும். அவர் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் 7 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடத்தி, அந்த மூன்றையும் வாசிப்பார். விவாதம் கிடையாது, வட்டாட்சியர் சரி, தவறு என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது, வாக்கும் இல்லை. உறுப்பினர்களின் கருத்தைப் பதிந்து ஆட்சியருக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. முடிவு ஆட்சியருடையது. அந்த ஆணையில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தலைவர் சொன்ன விளக்கம், அதை ஏற்காத காரணம், உறுப்பினர்களின் கருத்து, அதற்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ‘விளக்கம் ஏற்கும்படி இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது.

நீக்கம் அரசிதழில் வெளியான பிறகும், அரசு அதை ரத்து செய்யலாம், அதைப் பற்றி முடிவெடுக்கும்வரை நீக்கத்தைத் தள்ளியும் வைக்கலாம். அதனால் அசல் பதிவேடுகளை ஊராட்சிக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், பக்கத்துக்குப் பக்கம் சான்றொப்பமிட்ட நகல் ஒரு தொகுதி ஒன்றிய அலுவலகத்திலும் இன்னொரு தொகுதி ஆட்சியர் அலுவலக ஊராட்சிப் பிரிவிலும் இருக்கட்டும். வழக்கு வரும்போது அசல் ‘மழையில் நனைந்துவிட்டது’ என்ற பதிலை நம் ஊரில் யாரும் மறுக்க முடிவதில்லை.