மனநோயிலிருந்து மீண்டுவரும் பெண்களுக்கு வாராந்திரக் குழு நடத்துவது எப்படி?

மனச்சிதைவு நோய்க்கோ, மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பெண்ணைப் பல குடும்பங்கள் அடுப்புப் பக்கமே விடுவதில்லை. தீ வைத்துக்கொள்வாளோ என்ற அச்சமும், பாவம் ஓய்வெடுக்கட்டும் என்ற அன்பும் அதில் கலந்திருக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தால், நோய் தணிந்த பிறகும் அவளுக்கென்று செய்வதற்கு ஒரு வேலைகூட மிஞ்சியிருக்காது. குழு சிகிச்சை மீட்டுத்தர வேண்டியது இந்த இழப்பைத்தான். சமூகப் பணியாளர்களும் பகல்நேர மையங்களை நடத்துவோரும் இதை மனத்தில் வைத்தே குழுவைத் திட்டமிட வேண்டும்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அன்றாடச் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், நோயின் பெயர் வேறுவேறாக இருப்பது தடையல்ல. நோய் உச்சத்தில் இருப்பவரையும், எதிரில் இருப்பவர்கள் தமக்கெதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்பிக்கொண்டிருப்பவரையும் மருத்துவரின் சிகிச்சையில் ஓரளவு தேறிய பின்பே சேர்க்க வேண்டும். நேரம் காலை பத்தரைக்குமேல் இருக்கட்டும். இரவு மாத்திரையின் மயக்கம் அதற்குள் சற்றுக் குறைந்திருக்கும். நடத்துநர்கள் இருவர் இருப்பது நல்லது: ஒருவர் பேச்சை நடத்தினால், மற்றவர் பேசாதவர்களைக் கவனிப்பார்.

பெண்களுக்கு மட்டும் தனிக் குழு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மனச்சிதைவுக்கான சில மருந்துகள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனைக் கூட்டுவதால் மாதவிலக்கு நின்றுபோகலாம். உடல் எடையும் ஏறலாம். இவற்றை ஆண்கள் நடுவில் சொல்லக் கூசி, மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டு மீண்டும் நோயில் விழும் பெண்கள் உண்டு. ஒருவர் வாய்திறந்து சொன்னதும் இன்னொருவர் “எனக்கும் அப்படித்தான்” என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம், நாம் கொடுக்கும் விளக்கவுரையைவிட அதிகம் செய்யும். அப்போது நடத்துநர் மருந்தைக் குறித்துத் தாமாக அறிவுரை கூறாமல், கர்ப்பமா என்பதையும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் எடுத்துக்கொள்பவர் குழந்தை பெறும் வயதில் இருந்தால், அந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், அவரையும் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கூட்டமும் சென்ற வாரப் பணி என்னவாயிற்று என்ற கேள்வியோடு தொடங்கி, அடுத்த வாரப் பணியைத் தேர்ந்துகொள்வதோடு முடியட்டும். “வீட்டு வேலை செய்வேன்” என்பது பணியாகாது. “செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குள் என் துணியை நானே துவைத்துக் காயப்போடுவேன்” என்பதுதான் பணி. செய்யவில்லை என்றால் கண்டிக்காதீர்கள், அதைப் பாதியாகக் குறையுங்கள். எழுந்து செயல்படும் ஊக்கமே வற்றிப்போவது மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்று. அதைச் சோம்பல் என்று வீட்டார் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியிருப்பார்கள்.

சமையலை மையத்திலேயே தொடங்கலாம். முதலில் தேநீர், பிறகு சோறு, கடைசியில் குழம்பு. சில மருந்துகளால் கை நடுங்கும் என்பதால், கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவதையும் எரிவாயு அடுப்பை அணைத்துச் சரிபார்ப்பதையும் தனித்தனியாகப் பழக்குங்கள். அதன்பின் மாமியாரையோ தாயாரையோ அழைத்து, மாலைத் தேநீர் ஒன்றை மட்டும் அவளிடம் விட்டுவிடும்படி கேளுங்கள். முழுச் சமையலையும் ஒரே நாளில் கேட்டால் கிடைக்காது. வெளியே செல்வதற்கும் இதே படிமுறை பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், முதல் வாரம் இருவர் சேர்ந்து இரண்டு நிறுத்தம் போய்வருவதற்கு யாரிடமும் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

முன்னேற்றத்தை அளக்க, ஊனச் சான்றிதழுக்காக இந்தியாவில் பயன்படும் ஐடியாஸ் அளவுகோலின் நான்கு பகுதிகளே போதும்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை. இல்லத்தரசியின் வீட்டுப் பணியையும் அது வேலையாகவே கணக்கிடுகிறது.

குழுவில் பேசியது தெருவுக்குப் போகக்கூடாது என்ற விதியை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயாளிக்குத் தம் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல நேரும் என்பதை முதல் நாளே கூறிவிட வேண்டும். யாராவது சாக விரும்புவதாகச் சொன்னால் பேச்சை மாற்றாமல், ஒரு நடத்துநர் அவரைத் தனியே அழைத்துச் சென்று நேரடியாகக் கேட்டு, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தெரிவித்து, துணையோடு மட்டுமே அனுப்ப வேண்டும். கூட்டமில்லாத நாளில் அழைக்க அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 எல்லோர் கையிலும் இருக்கட்டும். யாராவது தமக்குக் குரல் கேட்பதாகச் சொன்னால் உண்டு, இல்லை என்று வாதிடாதீர்கள். அது எவ்வளவு பயமாக இருந்தது என்று கேளுங்கள்.

இரண்டு வாரம் வராதவரின் வீட்டுக்குச் சென்று பாருங்கள். தூக்கம் கெடுவது பலருக்கு நோய் திரும்புவதன் முதல் அடையாளம். அதை நடத்துநரைவிட உறுப்பினர்களே முன்னதாகக் கண்டுபிடிப்பார்கள். ஓராண்டு தொடர்ந்து வந்தவரிடம் வருகைப் பதிவேட்டையும் தேநீர்க் கணக்கையும் ஒப்படையுங்கள். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் அந்தக் கணக்கு நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.