கருப்பு-வெள்ளைப் படங்களுக்கு வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால், 1952-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பழைய பாலத்தின் தூண்கள் இன்றும் கடலுக்குள் நிற்பது தெரியும். விடியற்காலையில் நான் எடுத்த அந்தத் தூண்களின் கருப்பு-வெள்ளைப் படத்தை வீட்டுப் பிரிண்டரில் முதன்முதலாக அச்சிட்டபோது, மூடுபனி வெளிர் பச்சையாக வந்தது. அதே தாளை இரவில் விளக்கின் கீழ்ப் பார்த்தபோது அந்தப் பச்சை போய் இளஞ்சிவப்பு தெரிந்தது. படத்தில் குறை எதுவும் இல்லை. கருப்பு-வெள்ளைக்குப் பொருந்தாத பிரிண்டரை வாங்கியிருந்தேன். புதிதாக வாங்குபவர்களுக்கு அந்தச் செலவு நேராமலிருக்க, நான் இப்போது பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி: சாம்பல் மை இருக்கிறதா என்று பாருங்கள்

கருப்பு-வெள்ளைப் படத்தின் பெரும்பகுதி கருப்பும் அல்ல, வெள்ளையும் அல்ல. இடைப்பட்ட சாம்பல் நிறங்களே. சாதாரண வீட்டுப் பிரிண்டரில் கருப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள் என நான்கு மைகள்தாம் இருக்கும். வெளிர் சாம்பலைக் கருப்பு மையின் புள்ளிகளை மட்டும் கொண்டு உண்டாக்கினால் புள்ளிகள் மணல்போலக் கண்ணுக்குத் தெரியும் என்பதால், பிரிண்டர் மூன்று வண்ண மைகளையும் கலந்தே சாம்பலை உருவாக்குகிறது. அந்தக் கலவையில் ஒரு மை சற்றே கூடினாலும் படம் முழுவதும் ஒரு நிறச்சாயல் படியும். ஒளி மாறும்போது அந்தச் சாயலும் மாறும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல நான்கு-மைப் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் நிறமி மையாகவும் (நுண்ணிய நிறத் துகள்கள் மிதக்கும் மை), மற்ற மூன்றும் சாய மையாகவும் (நிறம் முழுதும் கரைந்த மை) இருக்கும். இந்த வகை நிறமிக் கருப்பு பளபளப்பான போட்டோ தாளில் ஒட்டாது என்பதால், அத்தகைய தாளில் பிரிண்டர் அதைத் தொடுவதே இல்லை. ஆழ்ந்த கருப்பையும் வண்ணங்களைக் கலந்துதான் தரும்.

ஆகவே, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மைகளின் பட்டியலைப் பாருங்கள். கேனான் ஜி570-இல் ஆறு மைகளுள் ஒன்று சாம்பல். எப்சன் எல்8160-இல் சாம்பலுடன், போட்டோ தாளுக்கான போட்டோ கருப்பும் தனியாக உண்டு. இவை இரண்டும் ஏ4 அளவுக்கானவை. எப்சன் எல்8050-இலும் ஆறு மைகள் உண்டென்றாலும், கூடுதலான இரண்டும் வெளிர் சியானும் வெளிர் மெஜந்தாவும்தாம். வண்ணப் படங்களுக்கு அது நல்ல தேர்வு, நம் தேவைக்கு அல்ல. மைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

இரண்டாம் படி: சாய மையா, நிறமி மையா?

கடைகளில் டை இங்க் என்பது சாய மை. பிக்மென்ட் இங்க் என்பது நிறமி மை. மேலே சொன்ன ஜி570, எல்8160 இரண்டும் போட்டோ தாளில் சாய மையையே பயன்படுத்துகின்றன. சாய மை பளபளப்பான தாளில் அழகாக அமரும். ஆனால் ஈரப்பதமும் காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் அதை வெளிறச் செய்யும். புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் இதை அலட்சியப்படுத்த முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டும் படங்களுக்குச் சாய மை போதும் என்பது என் கருத்து. தலைமுறைகளுக்கு வைக்க வேண்டிய குடும்பப் படங்களை அச்சிடுவதே நோக்கமென்றால், பணத்தைச் சேர்த்து வைத்து, எப்சன் ஷூர்கலர் பி700 போன்ற பத்து-மை நிறமிப் பிரிண்டரை வாங்குவதே சரி. அதில் சாம்பலும் வெளிர் சாம்பலும் தனித்தனியாக இருப்பதுடன், கருப்பு-வெள்ளைக்கென்றே ஒரு தனி அச்சு முறையும் உள்ளது.

மூன்றாம் படி: சோதனைப் பட்டையைச் செய்யுங்கள்

இந்த வழிமுறையில் இதுவே முதன்மையானது; இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில், 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, 300 டிபிஐ அளவிலான வெற்றுப் படத்தைத் திறந்து, அதன் மேற்பாதியில் கருப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு கிரேடியன்ட்டை வரையுங்கள். பிறகு போஸ்டரைஸ் கட்டளையில் 21 என்று கொடுத்தால், அது 21 கட்டங்களாகப் பிரியும். கீழ்ப்பாதியில் உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு படத்தை வையுங்கள். நான் வைத்திருப்பது, சுண்ணாம்பு பூசிய சுவரருகே வெள்ளைப் புடவையில் அமர்ந்திருக்கும் என் ஆயாவின் படம். புடவையின் மடிப்பும் சுவரின் சொரசொரப்பும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதை அது உடனே காட்டிவிடும்.

நான்காம் படி: அச்சிட்டுப் பாருங்கள்

கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, நீங்கள் நினைக்கும் அதே பிரிண்டரை வைத்திருக்கும் கடைக்கோ ஸ்டுடியோவுக்கோ செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பிரிண்டரில் பெரும்பாலும் ஜெராக்ஸ் தாளே இருக்கும். அதில் அச்சிட்டால் எதுவும் தெரியாது என்பதால், நீங்கள் பயன்படுத்தப்போகும் போட்டோ தாளில் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அச்சிடும்போது பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கிரேஸ்கேல் என்ற கருப்பு-வெள்ளை முறையில் ஒன்றும், அது இல்லாமல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே நின்று முடிவு செய்ய வேண்டாம். தாளை ஒரு நாள் காயவிட்டு, காலையில் திண்ணையிலோ சன்னலோரத்திலோ நேர்வெயில் படாமல் பாருங்கள்; இரவில் எல்இடி விளக்கின் கீழ் மறுபடியும் பாருங்கள். இரண்டு ஒளியிலும் சாம்பல் சாம்பலாகவே இருக்க வேண்டும். கருமையான கடைசி மூன்று நான்கு கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால், நிழலில் உள்ள விவரங்கள் எல்லாம் தொலையும்.

ஐந்தாம் படி: தாளும் பராமரிப்பும்

தடித்த தாள் வளையாமல் செல்லப் பின்பக்கத் தாள் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் கிடைக்கும் அழகான கைவினைத் தாளில் அச்சிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இங்க்ஜெட்டுக்கான மேற்பூச்சு இல்லாத தாளில் மை உறிஞ்சப்பட்டுக் கருப்பு சாம்பலாகிவிடும், உதிரும் நாரும் பிரிண்டருக்கு நல்லதல்ல. ஆகவே வாழ்த்து அட்டைக்கு அதை வைத்துக்கொண்டு, படத்துக்குப் பூச்சுள்ள தாளையே வாங்குங்கள். மீதித் தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத உறையில் வையுங்கள். மை உலர்ந்து, அதைப் பீய்ச்சும் துளைகள் அடைபடாமலிருக்க, வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள்.

பிரிண்டர் வீட்டுக்கு வந்ததும் அதே சோதனைப் பட்டையை அச்சிட்டு, அதன் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, நீங்கள் படம் மாட்ட நினைக்கும் சுவரிலேயே இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுக்கும்போது இரு பாதிகளுக்கும் வேறுபாடு தெரிந்தால், அந்தச் சுவரில் படத்தைக் கண்ணாடி இல்லாமல் மாட்டாதீர்கள்.